கிணற்றுத் தண்ணீரில் ஓடும் வோஷிங் மெஷின்: தண்ணீர் எடுக்கவில்லை, "போர்ட் போய்விட்டது" என்கிறார்கள்

உப்புவெளி நிலா | வெள்ளி, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு வோஷிங் மெஷின் விஷயமாக ஓர் உதவி வேண்டும். முன்பக்கம் கதவு உள்ள 7 கிலோ மெஷின். வாங்கி 4 வருடம். மூன்று கிழமையாகச் சரியாக ஓடவில்லை. பொத்தானை அழுத்தினால் கதவு பூட்டிக்கொள்கிறது, தண்ணீர் எடுக்கிற சத்தமும் மெல்லிதாகக் கேட்கிறது. ஆனால் டிரம்முக்குள் பார்த்தால் அடியில் கொஞ்சம்தான் இருக்கும். கால் மணி நேரத்தில் பிழைக் குறி காட்டி நின்றுவிடும். சில நாள் மூன்றாம் முறை போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடி முடிக்கும்.

திருத்துகிறவர் ஒருவர் வந்தார். மூடியைக் கூடக் கழற்றவில்லை. "போர்ட் போய்விட்டது", அதாவது மெஷினை இயக்குகிற மின்னணுப் பலகை பழுது என்று சொல்லி ஒரு விலை சொன்னார். புது மெஷின் விலையில் பாதிக்கு மேல் வரும். கேட்டதும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. அவருக்கு 67 வயது, முழங்கால் வருத்தம், கிணற்றடியில் குந்தியிருந்து தோய்க்க இனி முடியாது. நானும் காலையில் வேலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவேன்.

எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர். மோட்டார் போட்டு மேலே தாங்கிக்கு ஏற்றி அங்கிருந்து எடுக்கிறோம். போர்ட் மாற்றத்தான் வேண்டுமா?

பழைய வயர்மேன் | வெள்ளி, இரவு 9.25

பிள்ளை, பொறுங்கள். காசு கொடுத்துவிடாதீர்கள். கதவு பூட்டுகிறது, தண்ணீர் எடுக்கிற சத்தம் வருகிறது, நேரம் பார்த்துப் பிழைக் குறி காட்டுகிறது, சில நாள் முழுதாக ஓடி முடிக்கிறது. இவ்வளவையும் செய்விக்கிறது அந்த போர்ட்தான். குறித்த நேரத்துக்குள் தண்ணீர் மட்டம் வரவில்லை என்று அது உங்களுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் ஏன் வரவில்லை என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

நான் 30 வருடத்துக்கு மேல் வயரிங் வேலையும் மோட்டார் வேலையும் செய்தவன். நம்முடைய திருகோணமலைப் பக்கத்தில் மெஷின் நின்றுபோனால் முதலில் தண்ணீரைப் பார்ப்பேன், அடுத்தது பிளக்கைப் பார்ப்பேன். மெஷினைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். தாங்கியின் அடி நிலத்திலிருந்து எத்தனை அடி உயரம்? மெஷினுக்குப் போகிற ஹோஸைக் கழற்றி ஒரு 10 லீட்டர் வாளிக்குள் விட்டால் எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது? ஹோஸ் வந்து பூட்டுகிற இடத்தில், மெஷினின் வாய்க்குள் ஒரு சிறு வலை இருக்கும். அதை இந்த 4 வருடத்தில் யாராவது கழுவினார்களா?

கழற்ற முன் குழாயை மூடுங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்து எடுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது.

பாலையூற்று அக்கா | வெள்ளி, இரவு 9.50

ஐயா சொன்ன வலைதான் எங்கள் வீட்டிலும் பிரச்சினையாக இருந்தது. பிளாஸ்டிக்கில் சிறு விரல் அளவு. நடுவில் ஒரு முளை இருக்கும், அதைக் குறட்டால் பிடித்து மெதுவாக இழுத்தால் வந்துவிடும். பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவினேன். சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் என்று இரண்டு வாய் உள்ள மெஷின் என்றால் இரண்டிலும் பாருங்கள்.

நிலாவெளித் தம்பி | வெள்ளி, இரவு 10.15

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். எங்களுடையது இதற்கு மறுபக்கம். தண்ணீர் எடுத்துக்கொண்டே இருக்கிறது, நிரம்புவதே இல்லை. ஒழுக்கும் இல்லை. தாங்கிதான் காலியாகிறது.

பழைய வயர்மேன் | வெள்ளி, இரவு 10.30

தம்பி, ஊத்தைத் தண்ணீர் போகிற ஹோஸ் எங்கே கிடக்கிறது? நிலத்தில் உள்ள ஓட்டைக்குள் தாழ விட்டிருந்தால், எடுக்கிற தண்ணீர் தானாகவே அதன் வழியாக இறங்கிப் போய்விடும். தாங்கியிலிருந்து பைப் போட்டு வாயால் உறிஞ்சி விட்டால் தண்ணீர் தொடர்ந்து வருமே, அதே கதை. ஹோஸின் வளைவு நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்குக் குறையாமல், 1 மீற்றருக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். ஹோஸின் நுனி குழாய்க்குள் இறுக அடைத்திருக்கவும் கூடாது, காற்றுப் போக இடம் வேண்டும்.

நிலாவெளித் தம்பி | வெள்ளி, இரவு 10.50

நிலத்து ஓட்டைக்குள்தான் கிடந்தது ஐயா. ஒரு கதிரையில் தூக்கிக் கட்டிவிட்டுப் போட்டுப் பார்த்தேன், நிரம்பிவிட்டது. நாளைக்கே சுவரில் கொளுவி அடிக்கிறேன். மிக்க நன்றி.

உப்புவெளி நிலா | சனி, காலை 11.10

காலையில் எல்லாம் பார்த்தேன். தாங்கி கொங்கிறீட் தூணில் இருக்கிறது. அதன் அடி நிலத்திலிருந்து 12 அடி. வாளி 1 நிமிடம் 10 செக்கனில் நிரம்பியது. அப்படியென்றால் தண்ணீர் நன்றாகத்தானே வருகிறது என்று நினைத்தேன்.

பிறகு வலையை இழுத்து எடுத்தேன். படம் போட வெட்கமாக இருக்கிறது. செம்மஞ்சள் நிறத்தில் களிபோல அப்பியிருந்தது, அதற்குள் மணல். 4 வருடமாக யாரும் தொடவில்லை. கழுவிப் பூட்டிவிட்டுப் போட்டேன், சத்தமே மாறிவிட்டது. 5 நிமிடத்தில் தண்ணீர் எடுத்துச் சுற்றத் தொடங்கியது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. வலை அடைத்திருந்தால் எப்போதும்தானே நிற்க வேண்டும், சில நாள் மட்டும் எப்படி ஓடியது? தாங்கி சிறியது, 1000 லீட்டர் தாங்கி வாங்கினால் தள்ளுவிசை கூடும் என்று என் தம்பி சொல்கிறான். அது சரியா?

பழைய வயர்மேன் | சனி, மதியம் 12.40

நல்ல கேள்வி, பிள்ளை. இதை விளங்கிக்கொண்டால் பாதி வருத்தம் தீரும், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

தண்ணீரின் அழுத்தம் உயரத்தால் வருவது. தாங்கி 500 லீட்டரா 2000 லீட்டரா என்பதால் அது கூடாது, குறையாது. 10 மீற்றர் உயரம் என்றால் ஏறக்குறைய 1 பார், அழுத்தத்தை அளக்கிற அலகு அது. உங்கள் தாங்கியின் அடி 12 அடியில். மெஷினின் வாய் நிலத்திலிருந்து 3 அடி என்று வைப்போம். மீதி 9 அடி, அதாவது 2.7 மீற்றர், 0.27 பார். தாங்கி நிறைய இருந்தால் தண்ணீர் மட்டம் இன்னும் 4 அடி மேலே நிற்கும், அப்போது 0.4 பார் அளவில் வரும். இனி உங்கள் மெஷின் புத்தகத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். தேவையான ஆகக் குறைந்த அழுத்தம் என்று ஒரு வரி இருக்கும். பல மெஷின்களில் 0.3 பார், சிலவற்றில் 0.5 பார். 0.03 மெகாபாஸ்கல் என்று போட்டிருந்தாலும் அது 0.3 பார்தான்.

இப்போது கணக்கு விளங்கும். தாங்கி நிறைந்த நேரம் போட்டால் ஓடும். பாதிக்குக் கீழே போன நேரம் போட்டால் நிற்கும். நீங்கள் மூன்றாம் முறை போடுவதற்குள் யாரோ மோட்டார் போட்டுத் தாங்கியை நிரப்பியிருப்பார்கள்.

வாளியில் நன்றாக விழுந்ததே என்று கேட்கலாம். திறந்த வாயால் விழுகிற தண்ணீருக்கு எதிர்ப்பு இல்லை. மெஷினின் வால்வுக்குள் ஒரு ரப்பர்த் தகடு இருக்கிறது. கரண்ட் ஒரு சிறு துளையைத்தான் திறக்கும், அந்தத் தகட்டை முழுதாகத் தூக்குவது தண்ணீரின் சொந்தத் தள்ளுவிசை. விசை குறைந்தால் தகடு அரைகுறையாகத்தான் எழும்பும். உங்களுக்கு வால்வும் பிழையில்லை, போர்ட்டும் பிழையில்லை. விளிம்பில் நின்ற அழுத்தத்தை அடைத்த வலை கீழே தள்ளிவிட்டது.

தம்பியிடம் சொல்லுங்கள், பெரிய தாங்கிக்குக் கொடுக்கிற காசில் தூணை 5 அடி உயர்த்தலாம். அதுவரைக்கும் தாங்கியை நிரப்பிவிட்டு மெஷினைப் போடுங்கள். காசு செலவில்லை.

தம்பலகாமத்தான் | சனி, மதியம் 1.30

ஐயா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் நான் இதில் காசு விட்டவன். தண்ணீரில் மணலும் துருவும் வருகிறதென்று மெஷினுக்குப் பக்கத்தில், ஹோஸுக்கு முன்னால் ஒரு வடி பூட்டினேன். மூன்று நாளில் மெஷின் தண்ணீர் எடுப்பதை நிறுத்தியது. இருந்த கொஞ்ச அழுத்தத்தையும் அந்த வடி குடித்துவிட்டது. பிறகு அதைக் கழற்றி, கிணற்றிலிருந்து தாங்கிக்கு ஏறுகிற பைப்பில் பூட்டினேன். அங்கே மோட்டார் தள்ளுகிறது, வடி எவ்வளவு மறித்தாலும் தண்ணீர் ஏறும். ஒரு வருடமாக வலையில் ஊத்தை இல்லை.

துருத் தண்ணீருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தாங்கிக்குள் விழுகிற பைப்பின் வாயை மூடி, சிறு துளைகள் போட்டு மழைபோல விழ விடுங்கள். காற்றுப்பட்டால் கரைந்திருக்கிற இரும்பு துருவாக மாறி அடியில் படியும். வெளியே போகிற பைப் தாங்கியின் அடியிலிருந்து 3, 4 அங்குலம் மேலே இருக்க வேண்டும், அடியில் ஊத்தையைத் திறந்துவிட ஒரு வால்வும் வேண்டும். மாதம் ஒரு முறை திறந்துவிட்டால் என்ன நிறத்தில் வருகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

பாலையூற்று அக்கா | சனி, பின்னேரம் 4.05

இரும்பு பற்றிச் சொன்னதால் வெள்ளை யூனிபோர்ம் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு பேருக்கும் கிழமைக்கு ஐந்து நாள் வெள்ளை. குழாய்க் கிணறு அடித்த வருடம் எல்லா வெள்ளையும் மஞ்சளாகிவிட்டது. நான் செய்த பிழை என்ன தெரியுமா? மஞ்சள் போகட்டும் என்று பிளீச் ஊற்றினேன். இன்னும் மஞ்சள். இன்னும் பிளீச். கடைசியில் காவி நிறம்.

இரும்பு கலந்த தண்ணீரில் குளோரின் பிளீச் போட்டால், கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கிற இரும்பை அது அந்த இடத்திலேயே துருவாக்கித் துணியில் பதித்துவிடும். இதை எனக்குச் சொல்லித் தர ஆள் இருந்திருந்தால் நான்கு சட்டையும் இரண்டு கவுணும் தப்பியிருக்கும்.

சோதிப்பது எளிது. காலையில் அள்ளிய தெளிந்த தண்ணீரை வெள்ளை வாளியில் ஒரு இரவு வையுங்கள். அடியில் செம்மஞ்சள் படிந்தால் இரும்பு. மஞ்சளை எடுக்க, இளஞ்சூடான தண்ணீர் ஒரு லீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அசிட் கரைத்து ஒரு மணி நேரம் ஊற வைத்து அலசுங்கள். கேக் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். அம்மம்மாவின் முறை தேசிக்காய்ப் புளியும் உப்பும் தடவி வெயிலில் காயப் போடுவது. சிறிய கறைக்கு அதுவே போதும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். சிட்ரிக் அசிட், தேசிக்காய், வினாகிரி, எந்தப் புளிப்பையும் பிளீச்சோடு சேர்க்க வேண்டாம். நச்சு வாயு வரும். ஒன்று போட்டால் வடிவாக அலசிவிட்டு, மற்றதை வேறொரு நாள்.

ஓர்ஸ்ஹில் வாசி | சனி, மாலை 6.20

எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர், கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். இரும்புக் கரைச்சல் இல்லை. ஆனால் முன்பு கிணற்றுத் தண்ணீர் பாவித்த வீட்டில் இருந்தபோது சூடாக்குகிற ஹீட்டர் கம்பியில் வெள்ளைப் படை விரல் தடிப்புக்கு ஏறியிருந்தது. அதனால் கிழமைக்கொரு தரம் ஒரு போத்தல் வினாகிரி ஊற்றி ஓட விடுவேன். நல்ல பலன். எல்லோரும் செய்யலாம்.

தம்பலகாமத்தான் | சனி, மாலை 6.45

மன்னிக்க வேண்டும், கிழமைக்கொரு தரம் வேண்டாம். வினாகிரி அடிக்கடி பட்டால் கதவு ரப்பரும் உள் ஹோஸ்களும் கெடும். வெள்ளைப் படை சுண்ணாம்பு, அதைப் புளிப்புக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் 2 அல்லது 3 மாதத்துக்கு ஒரு முறை, 100 கிராம் அளவு சிட்ரிக் அசிட்டை வெறும் டிரம்மில் போட்டு 60 பாகையில் ஒரு சுற்று ஓட்டினால் போதும். உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கு அதுகூட அடிக்கடி தேவைப்படாது.

கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் மாறும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறும் ஒரே வளவுக்குள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. நிலத்தடி இப்படி இருக்கிற ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் செய்ததை அப்படியே நாமும் செய்யக்கூடாது. சவர்க்காரம் நுரைக்க மறுக்கிறதா என்று பாருங்கள். நுரைக்காவிட்டால் சுண்ணாம்புத் தண்ணீர், அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். நன்றாக நுரைத்தால் விட்டுவிடுங்கள்.

ஓர்ஸ்ஹில் வாசி | சனி, இரவு 7.10

ஏற்றுக்கொள்கிறேன். கதவு ரப்பர் ஓரம் வெடித்திருப்பதற்குக் காரணம் இப்போதுதான் விளங்குகிறது. இன்னொன்றும் கேட்கிறேன். பிழிகிற நேரம் விமானம் கிளம்புகிற மாதிரி இரைச்சல். பின்பக்கத்தில் மண்ணிறக் கோடு ஒன்று வழிந்திருக்கிறது.

பழைய வயர்மேன் | சனி, இரவு 7.40

அது பெயாரிங். முன்னால் உள்ள சீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, மண்ணிறக் கோடு அந்தத் துரு. பிளக்கை எடுத்துவிட்டு டிரம்மைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் உறுதி. பெயாரிங் விலை பெரிதில்லை, 6205, 6206 போன்ற இலக்கங்கள் கார் சாமான் கடையிலும் கிடைக்கும். ஆனால் கூலி பெரிது, முழு மெஷினையும் பிரிக்க வேண்டும். சில மெஷின்களில் வெளித் தொட்டி ஒட்டியே வருகிறது, அறுத்துத்தான் திறக்க வேண்டும். உங்களுடையது திருகாணி போட்ட தொட்டியா என்று முதலில் கேளுங்கள். பிரித்தால் டிரம்மின் பின்னால் மூன்று கால் உள்ள அலுமினிய வார்ப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரும் மீந்த சவர்க்காரமும் அதை அரித்துவிடும். அது வெடித்திருந்தால் பெயாரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை.

இப்படியே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். முற்றினால் டிரம் தொட்டியில் உரசிக் கிழித்துவிடும்.

கிண்ணியா மாணவன் | சனி, இரவு 8.30

அஸ்ஸலாமு அலைக்கும் ஐயா. உம்மாவின் மெஷின் இரட்டைத் தொட்டி, பழையது. தோய்க்கிற பக்கம் நன்றாக ஓடுகிறது. பிழிகிற பக்கம் 'ம்ம்ம்' என்று முனகுகிறது, சுற்றவில்லை. மோட்டார் எரிந்துவிட்டதா? நானாவுக்கு எழுதியிருக்கிறோம், புது மெஷின் வாங்கக் காசு அனுப்புகிறேன் என்கிறார்.

பழைய வயர்மேன் | சனி, இரவு 9.00

வஅலைக்கும் ஸலாம் தம்பி. நானாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பிளக்கை எடுத்துவிட்டுப் பிழிகிற கூடையைக் கையால் சுற்றிப் பாருங்கள், மூடி திறந்தபடியும் மூடியபடியும். மூடி மூடியிருக்கும்போது இலகுவாகச் சுற்ற வேண்டும். அப்போதும் இறுக்கமென்றால் கூடைக்கு அடியில் சின்னக் காலுறையோ கைக்குட்டையோ போய்ச் சிக்கியிருக்கும், அல்லது பிரேக் கம்பி துருப்பிடித்து விடாமல் பிடிக்கிறது. இலகுவாகச் சுற்றியும் கரண்ட் கொடுத்தால் முனகுகிறதென்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர். அதுதான் மோட்டாரை முதலில் தள்ளிவிடுவது.

மாற்றும்போது பழையதில் எழுதியிருக்கிற மைக்ரோ ஃபராட் அளவையே வாங்குங்கள், வோல்ட் அளவு குறையக்கூடாது. பிளக் எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். தெரியாதவர் கை வைக்க வேண்டாம், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

உப்புவெளி நிலா | ஞாயிறு, காலை 9.15

நேற்று இரண்டு சுற்று ஓடியது. மனம் நிறைந்திருக்கிறது. இன்று கீழ்ப்பக்கத்தில் உள்ள சிறு கதவையும் திறந்தேன், பம்ப் வடி இருக்கிற இடம். இப்படி ஒன்று இருப்பதே இன்றுவரை தெரியாது. தட்டம் வைக்காமல் திறந்து நிலமெல்லாம் தண்ணீர். உள்ளே கடற்கரை மணல் ஒரு கைப்பிடி, ஊசி இரண்டு, 5 ரூபாய்க் குற்றி ஒன்று, சேலை நூல் சுருண்டு கயிறுபோல. பிள்ளைகள் கடலுக்குப் போய் வந்த உடுப்பை அப்படியே போடுவோம். இனி வெளியே உதறி ஒரு முறை வாளியில் அலசிவிட்டுத்தான்.

ஒரு சிறு விஷயம், இது நீண்ட நாளாக இருக்கிறது. மெஷினின் இரும்புப் பக்கத்தை ஈரக் கையால் தொட்டால் மெல்லிய விறுவிறுப்பு. அம்மா செருப்புப் போடாமல் நின்று தொட்டால் கொஞ்சம் கூடவாகத் தெரிகிறது என்கிறார். பழைய மெஷின் என்றால் இப்படித்தானா?

பழைய வயர்மேன் | ஞாயிறு, காலை 9.22

பிள்ளை, இப்போதே பிளக்கை எடுங்கள். அம்மாவை அந்தப் பக்கம் விடாதீர்கள். எடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

உப்புவெளி நிலா | ஞாயிறு, காலை 9.30

எடுத்துவிட்டேன் ஐயா. பயமாக இருக்கிறது.

பழைய வயர்மேன் | ஞாயிறு, காலை 9.55

பயப்பட வேண்டாம், நல்ல நேரத்தில் சொன்னீர்கள். தண்ணீர் எடுக்காத பிரச்சினையைவிட இது நூறு மடங்கு பெரிது.

இப்படியான மெஷின்களில் கரண்ட் உள்ளே வருகிற இடத்தில் இரைச்சலை வடிகட்டுகிற சிறு பகுதி ஒன்று இருக்கும். அதிலுள்ள இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் மெஷினின் உடலோடு தொடுத்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு நிலத்துக்குப் போய்விடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. எர்த் இல்லாவிட்டால் மெஷினின் உடல் 230 வோல்ட்டில் பாதி அளவுக்கு ஏறி நிற்கும். போகிற மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் விறுவிறுப்போடு நிற்கிறது. அந்த விறுவிறுப்பு உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: இந்த மெஷினுக்கு எர்த் இல்லை. இனி ஒரு நாள் ஹீட்டர் வெடித்துக் கரண்ட் உடலுக்கு வந்தால், அது நிலத்துக்குப் போகிற வழி அம்மாவின் கால்தான்.

டிரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று நம்பியிருக்கக்கூடாது. எர்த் இருந்தால் கசிவு தொடங்கிய கணமே, யாரும் தொட முன்பே அது விழும். எர்த் இல்லாவிட்டால் ஆள் தொட்ட பிறகுதான் அதற்குத் தெரியும்.

பிளக்கின் படத்தை எழுத்தால் சொல்லுங்கள். எத்தனை கால்?

உப்புவெளி நிலா | ஞாயிறு, காலை 10.20

இரண்டு கால். முன்பு மூன்று காலாக இருந்தது என்று அம்மா சொல்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் பிளக் உருகியது, அப்போது வந்தவர் வெட்டி வேறு பூட்டிக் கொடுத்தார். திறந்து பார்த்தேன். பச்சை மஞ்சள் வயரை வெட்டி, மடித்து, டேப் சுற்றி விட்டிருக்கிறார். அதுவும் ஒரு நீட்டு வயரில்தான் குத்தியிருந்தோம்.

பழைய வயர்மேன் | ஞாயிறு, காலை 10.50

வாசிக்கவே நெஞ்சு பதறுகிறது. இரண்டு வருடம் கடவுள் காப்பாற்றியிருக்கிறார்.

உங்கள் மெஷினின் ஹீட்டர் ஏறக்குறைய 2000 வாட் இருக்கும். 230 வோல்ட்டில் 9 அம்பியருக்குக் கிட்ட. மெல்லிய நீட்டு வயரும் இரண்டு கால் பிளக்கும் அதைத் தாங்காது, முதலில் இருந்த மூன்று கால் பிளக் உருகியதற்குக் காரணமும் அந்த நீட்டு வயராக இருக்கலாம். 13 அம்பியர் மூன்று கால் பிளக், உள்ளே பியூஸ் உள்ளது, நேரே சுவரில். பச்சை மஞ்சள் வயர் நீளமான காலுக்கு.

அதோடு நிறுத்த வேண்டாம். சுவரில் மூன்று துளை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. நம்முடைய கடற்கரை வீடுகளில் வெளியே அடித்த எர்த் கம்பியின் கிளாம்ப் உப்புக் காற்றில் பூத்து, வயர் கழன்று தொங்குவதை நான் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். உரிமம் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு எர்த்தை மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஹீட்டரில் கசிவு இருக்கிறதா என்றும் அளக்கச் சொல்லுங்கள். அதுவரை உடுப்பைப் பக்கத்து வீட்டில் தோய்த்துக்கொள்ளுங்கள்.

பாலையூற்று அக்கா | ஞாயிறு, காலை 11.05

நிலா, உங்களுக்குத் தூரம் இல்லையென்றால் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன், தனிச் செய்தியில் எழுதுங்கள்.

கிண்ணியா மாணவன் | திங்கள், மாலை 5.40

ஐயா, கூடை இலகுவாகச் சுற்றியது. தெரிந்த ஒருவர் வந்து கெப்பாசிட்டர் மாற்றினார். பிழிகிறது. உம்மா உங்களுக்கு துஆச் செய்கிறார். நானாவிடம் காசு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ஓர்ஸ்ஹில் வாசி | செவ்வாய், காலை 7.30

இரவுதான் முழு இழையையும் மறுபடி வாசித்தேன். எங்கள் பிளக்கைத் திறந்து பார்த்தேன், எர்த் வயர் இருக்கிறது, ஆனால் திருகாணி தளர்ந்து கழன்றுவிழும் நிலையில். இறுக்கிவிட்டேன். பெயாரிங் பார்க்க ஆள் நாளை வருகிறார்.

தம்பலகாமத்தான் | செவ்வாய், காலை 8.15

மாரி தொடங்கப் போகிறது, அதனால் ஒரு சொல். வாடைக் காற்றோடு மழை பிடித்தால் உடுப்புக் காயாது, எல்லோரும் மெஷினை நிறையத் திணித்துப் பிழிவோம். 7 கிலோ என்பது காய்ந்த உடுப்பின் நிறை. டிரம்மின் மேல் ஒரு கை போக இடம் வேண்டும். தோய்த்து முடிந்ததும் கதவைச் சாத்தாமல் விரல் அளவு திறந்து விடுங்கள், ரப்பர் மடிப்பைத் துணியால் துடையுங்கள். இல்லாவிட்டால் கார்த்திகைக்குள் கறுப்புப் பூஞ்சை பிடித்து உடுப்பெல்லாம் புழுங்கல் மணம். கையால் தோய்க்கிற தூளை முன்கதவு மெஷினுக்குப் போட வேண்டாம், நுரை கூடி அலசாமல் நிற்கும். வெள்ளம் ஏறுகிற வீடென்றால் மெஷினைக் கல் வைத்து உயர்த்துங்கள். தண்ணீர் ஏறிய மெஷினைக் காய்ந்துவிட்டது என்று நினைத்துப் போட்டுப் பார்க்காதீர்கள், ஆள் வந்து அளந்த பிறகுதான்.

உப்புவெளி நிலா | வியாழன், இரவு 7.50

வேலை முடிந்தது. வந்தவர் மீற்றர் வைத்து அளந்தார். ஐயா சொன்னது அப்படியே. எர்த் கம்பி கிணற்றடிச் சுவருக்குப் பின்னால், கிளாம்ப் பச்சையாகப் பூத்து வயர் தனியாகத் தொங்கியது. புதுக் கம்பி அடித்து, புதுக் கிளாம்ப் போட்டு, மேலே கிறீஸ் பூசி விட்டார். ஹீட்டரில் கசிவு இல்லை. 13 அம்பியர் பிளக் நேரே சுவரில். நான் முதலில் தொட்டுப் பார்த்தேன், பிறகு அம்மா. விறுவிறுப்பு இல்லை. எல்லாவற்றுக்கும் ஆன செலவு போர்ட்டுக்குக் கேட்ட காசில் ஒரு சிறு பங்கு.

தூணை உயர்த்துவது தை மாதத்துக்குப் பிறகு. இப்போதைக்குத் தாங்கி நிறைந்ததும் அம்மா மெஷினைப் போடுகிறார். தம்பி மெஷின் புத்தகத்தைத் தேடி எடுத்தான், 0.03 மெகாபாஸ்கல் என்றுதான் போட்டிருக்கிறது.

பழைய வயர்மேன் | வியாழன், இரவு 8.10

நிம்மதி, பிள்ளை. கடைசியாக ஒரு வேலை. டிரிப் சுவிட்சில் சோதனைப் பொத்தான் இருக்கும், அழுத்தினால் சுவிட்ச் விழ வேண்டும். அது எர்த்தைச் சோதிப்பதில்லை, சுவிட்ச் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் காட்டும். உப்புக் காற்றில் உள்ளே இறுகிப்போகிற சுவிட்சுகள் உண்டு. விழாவிட்டால் நாளைக்கே மாற்றுங்கள். விழுந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அழுத்திக்கொண்டிருங்கள்.

உப்புவெளி நிலா | வியாழன், இரவு 8.20

இப்போதுதான் அழுத்தினேன். வீடு முழுக்க விளக்கு நின்றது. கரண்ட் கட்டா என்று குசினியிலிருந்து அம்மா கேட்கிறார்.